சேம்பரில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: ராஜபாளையம் அருகே அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு யூனிட் நடத்துகிறேன். கணவர் தொடங்கியது. அவர் மறைவுக்குப் பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மாதம் சுமார் 14 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. சத்திரப்பட்டி பேண்டேஜ் உற்பத்தியாளர்களும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்காரர்களும் என் வாடிக்கையாளர்கள். வெளியூர்ப் பெரிய நிறுவனம் ஒன்று ஏழு மாதமாக 6 லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு வரிப் பணம் போர்ட்டலிலேயே தேங்கி நிற்கிறது. மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் இரண்டு முறை எரிந்துவிட்டது. இந்த நிலையில் எங்கள் வட்டாரச் சேம்பரில் (தொழில் வர்த்தக சபையில்) உறுப்பினராகச் சேரச் சொல்லி வந்து அழைத்தார்கள். "ஆண்டுக்கு ஒரு விழா, ஒரு சால்வை, அதற்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்கிறார் அண்ணன். சேரலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சேருங்கள். ஆனால் சந்தா ரசீதை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பிரச்சினைகளில் ஒன்றையாவது கணக்கோடு எழுத்தில் எடுத்துக்கொண்டு போய்ச் சேருங்கள். மதுரை, விருதுநகர் வட்டாரத்துச் சிறுதொழில்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்துவருகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒரே சேம்பரில் ஒரே சந்தா கட்டிய இருவரில் ஒருவர் நிறையப் பயன் பெறுவதையும், மற்றவர் ஐந்தாண்டு கழித்து "ஒன்றும் நடக்கவில்லை" என்று விலகுவதையும் பார்த்திருக்கிறேன். முதலாமவர் காகிதத்தோடு போனவர்.

உங்கள் அண்ணனின் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சால்வையோடு நின்றுவிடும் சேம்பர்கள் உண்டு. நல்லதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், சேம்பர் என்பது என்ன செய்யும் இடம் என்பதில் தெளிவு வேண்டும். அது அரசு அலுவலகம் இல்லை. உத்தரவு போட அதற்கு அதிகாரம் கிடையாது. ஆர்டர் பிடித்துத் தராது, கடனுக்கு ஜாமீன் நிற்காது, உங்களுக்கு வந்த வரி நோட்டீஸை ரத்து செய்யாது. ஆனால் தொழில் சம்பந்தப்பட்ட முடிவுகள் எடுக்கப்படும் பல கூட்டங்களில் தனி ஆளுக்கு நாற்காலி இல்லை, சங்கத்துக்கு உண்டு. நாம் சந்தா கட்டுவது அந்த நாற்காலிக்காகத்தான்.

அது எங்கெல்லாம் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிறுதொழில்களின் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் சிறுதொழில் சங்கங்களின் பிரதிநிதி ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. ஜிஎஸ்டி குறைதீர்க் குழுக்களை மாநில, மண்டல அளவில் அமைக்க 2019 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்தபோது, மத்திய, மாநில வரி அதிகாரிகளோடு வணிக, தொழில் அமைப்புகளின் பிரதிநிதிகளையும் உறுப்பினர்களாகச் சேர்த்தது. ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரப்படும் புவிசார் குறியீட்டைத் தனி வியாபாரி கேட்டுப் பெற முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யும் அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். உங்கள் வாடிக்கையாளர்களையே கேளுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் குறியீடு கிடைத்தது, அங்கிருக்கும் உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்ததால்தான். கோவில்பட்டியில் எவ்வளவு பெரிய கடை வைத்திருந்தாலும் ஒருவர் தனியாகப் போயிருந்தால் அந்த விண்ணப்பத்தையே வாங்கியிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் பிரச்சினைகளுக்கு வருகிறேன். வரி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேம்பரின் வேலை எது, ஆடிட்டரின் வேலை எது என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும்.

2025 செப்டம்பர் 21-ஆம் தேதி வரை நீங்கள் வாங்கும் கிராஃப்ட் பேப்பருக்கும் (பெட்டி செய்யும் பழுப்புத் தாள்) 12 சதவீதம், விற்கும் அட்டைப்பெட்டிக்கும் 12 சதவீதம். மறுநாள் முதல் பெட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியது, பேப்பர் 18 சதவீதத்துக்கு ஏறியது. உங்கள் அளவிலேயே கணக்குப் போடுவோம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குப் பேப்பர் ரீல் வாங்கினால் நீங்கள் கொடுக்கும் வரி 1,80,000. 14 லட்சத்துக்குப் பெட்டி விற்றால் வசூலிக்கும் வரி 70,000. மீதி 1,10,000 ரூபாய் மாதாமாதம் உள்ளீட்டு வரியாக உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இரண்டே மாதத்தில் அது ஒரு லோடு பேப்பருக்கு முன்பணமாகக் கொடுக்கக்கூடிய தொகை. ஏட்டில் அது உங்கள் பணம்தான். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்க உதவாத பணம்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பணத்தைத் திரும்பப் பெறுவது உங்கள் வேலை, உங்கள் ஆடிட்டரின் வேலை. வாங்கும் பொருளின் வரி விற்கும் பொருளின் வரியைவிடக் கூடுதலாக இருந்தால், தேங்கும் வரியை ரீஃபண்டாகக் கேட்க ஜிஎஸ்டி சட்டத்தில் இடமிருக்கிறது. இரண்டு ஆண்டுக் காலக்கெடு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பேப்பர், பசை, மை போன்ற சரக்குகளுக்குக் கட்டிய வரிக்குத்தான் இந்த ரீஃபண்ட். இயந்திரம் வாங்கியதற்கும், லாரி வாடகை போன்ற சேவைகளுக்கும் கட்டிய வரி இந்தக் கணக்கில் வராது. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். இதற்குச் சேம்பரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

வரி விகிதமே தலைகீழாக இருப்பதைச் சரிசெய்யச் சொல்வது இரண்டாவது வேலை. அதை நீங்களோ நானோ தனியாகச் செய்ய முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலத்தின் குரல் மாநில அமைச்சர் வழியாகப் போகிறது. விகித மாற்றக் கோரிக்கைகளை முதலில் அதிகாரிகள் குழு ஒன்று அலசிப் பார்க்கிறது. அந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டியது வட்டாரச் சேம்பரிலிருந்து மாநில அளவிலான அமைப்புக்குப் போய், அங்கிருந்து கோட்டைக்குப் போகும் மனு. இது நடக்காத கதை என்று நினைக்க வேண்டாம். அட்டைப்பெட்டிக்கு 2021 அக்டோபரிலிருந்து 18 சதவீதமாக இருந்த வரியை 2024 ஜூன் கூட்டத்தில் 12 சதவீதமாகக் குறைக்கக் கவுன்சில் பரிந்துரைத்தது. அப்போது நிதியமைச்சர் சொன்ன காரணம், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர் ஆப்பிள் விவசாயிகளுக்கு இது உதவும் என்பது. பெட்டி செய்கிறவர்களைவிடப் பெட்டியில் பழம் அடைத்து அனுப்புகிறவர்களின் குரல் அங்கே பலமாகக் கேட்டிருக்கிறது. எனக்கு இது பெரிய பாடமாகத் தெரிகிறது. பெட்டிக்காரர்கள் மட்டும் கூடிப் பேசினால் அது ஒரு தொழிலின் குறையாக நின்றுவிடும். பேண்டேஜ்காரர், நூல் மில்காரர், கடலைமிட்டாய்க்காரர், பட்டாசுக்காரர் எல்லாரும் பெட்டி வாங்குகிறவர்கள்தான். இவர்கள் ஒரே கூடத்தில் உட்காரும் இடம் வட்டாரச் சேம்பர் ஒன்றுதான். அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் சங்கம் தொழிலின் ஆழத்தைப் பேசும், வட்டாரச் சேம்பர் அகலத்தைப் பேசும். முடிந்தால் இரண்டிலும் இருங்கள்.

அந்த மனு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். பல சேம்பர் கடிதங்களில் "அட்டைப்பெட்டித் தொழில் கடும் நெருக்கடியில் உள்ளது, அரசு தாயுள்ளத்தோடு பரிசீலிக்க வேண்டும்" என்று ஒரு பத்தி இருக்கும். வாங்குகிற அதிகாரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கோப்பில் சேர்ப்பார், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, "எங்கள் வட்டாரத்தில் உள்ள இத்தனை யூனிட்டுகளில் செப்டம்பருக்குப் பிறகு இன்ன மாதம் வரை தேங்கிய உள்ளீட்டு வரி இவ்வளவு, விண்ணப்பித்த ரீஃபண்ட் இவ்வளவு, வந்தது இவ்வளவு, வந்து சேர ஆன சராசரி நாள் இவ்வளவு" என்று ஒரே பக்க அட்டவணை வையுங்கள். கீழே ஒரே ஒரு கோரிக்கை. இந்த அட்டவணையைச் சேம்பர் செயலாளரால் தானாகத் தயாரிக்க முடியாது. எண்கள் உங்களைப் போன்றவர்களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஐந்து பெட்டி யூனிட்டுகளிடம் பேசி அதை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உங்கள் பொருள்தான் முதலில் பேசப்படும்.

அடுத்தது பாக்கி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். 14 லட்சம் விற்பனையில் 6 லட்சம் வெளியே நின்றால் மூச்சு முட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உதயம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அவர்களுடைய பர்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் 45 நாள்தான் செல்லும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. "பெட்டியின் பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் (கிழியாமல் அழுத்தம் தாங்கும் வலு) குறைவு, அதனால்தான் நிறுத்திவைத்தோம்" என்று ஏழு மாதம் கழித்துச் சொல்வார்கள். பொருள் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். போதாததற்கு, 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையை வாங்குபவர் தன் செலவாக அந்த ஆண்டில் கழித்துக்கொள்ள முடியாது, கொடுத்த ஆண்டில்தான் முடியும். மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இது உறைக்கும்.

முறையீட்டை மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே பதிவு செய்யலாம். உங்கள் வழக்கு மதுரையில் உள்ள வசதியாக்க மன்றத்துக்கு வரும். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் எல்லா வழக்கும் முடிந்துவிடுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் இதுவரை புகார் செய்யாததற்குக் காரணம் சட்டம் தெரியாதது அல்ல என்று நினைக்கிறேன். புகார் செய்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம். சிறுதொழில் நடத்தும் எல்லாருக்கும் உள்ள நியாயமான பயம் அது. சேம்பரால் ஒரு நல்ல காரியம் செய்ய முடிவது இந்த இடத்தில்தான். பொறுப்பான செயலாளர் உங்கள் பெயரை முன்னால் வைக்காமல், "எங்கள் உறுப்பினர்கள் சிலரின் பில்கள் 45 நாளைத் தாண்டி நிலுவையில் இருப்பதாகத் தெரிகிறது" என்று அந்த நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளருக்குச் சேம்பரின் கடிதத்தாளில் எழுதுவார். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டி வைத்திருக்கும் பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்த நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 250 கோடியைத் தாண்டியிருந்தால், பில்லை வைத்து உடனே பணம் பெறும் டிரெட்ஸ் மேடையில் அது பதிவு செய்திருக்க வேண்டும். 2025 மார்ச் 31 அதற்குக் கடைசி நாள். பதிவு செய்திருக்கிறார்களா என்று சேம்பர் கேட்கலாம். இதே கேள்வியை நீங்கள் கேட்டால் மிரட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். சேம்பர் கேட்டால் அது விசாரிப்பு.

இங்கே உள்ள ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வட்டாரச் சேம்பரில் பெரிய மில்லும் உறுப்பினர், அந்த மில்லுக்குப் பெட்டி கொடுக்கும் சிறு யூனிட்டும் உறுப்பினர். நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருப்பவரே உங்கள் பாக்கிக்காரராக இருந்தால் கடிதம் புறப்படாது. சேம்பர்களின் உண்மையான பலவீனம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். விழாச் செலவு அல்ல. பாக்கிப் பிரச்சினையைச் சேம்பர்கள் பேசிய அளவு போதாது என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. உங்கள் பாக்கிக்காரர் வெளியூர் என்பதால் இந்தத் தடை உங்களுக்கு இராது. உள்ளூரில் இதே நிலை உள்ள மற்ற உறுப்பினர்களுக்காக, "45 நாள் விதியை எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் கடைப்பிடிப்போம்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அந்தத் தீர்மானத்தை எந்தச் சேம்பர் நிறைவேற்றுகிறதோ அது சிறு உறுப்பினரையும் மதிக்கிற சேம்பர்.

மூன்றாவது, வோல்டேஜ். உங்கள் டிரான்ஸ்பார்மர் பிரச்சினைக்கு நேரடி வழி உதவிச் செயற்பொறியாளரிடம் எழுத்தில் புகார், பிறகு மேற்பார்வைப் பொறியாளரின் குறைதீர் நாள், அதிலும் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். சேம்பர் சேர்க்கக்கூடியது எண்ணிக்கையை. அதே ஃபீடரில் (மின்தடத்தில்) இருக்கும் யூனிட்டுகள் எவை, ஒவ்வொன்றின் இணைப்புச் சுமை எவ்வளவு, எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு சேர்ந்து போனால், கூடுதல் டிரான்ஸ்பார்மருக்கான மதிப்பீடு போட அதிகாரிக்கே அது ஆதாரமாகும்.

மின்கட்டணத்தில் கூட்டுக்குரல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு அண்மை உதாரணமே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு குறித்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக் கேட்டது. தொழில் அமைப்புகள் எதிர்ப்பைப் பதிவு செய்தன. இருந்தும் செப்டம்பரில் உயர்வு வந்தது. நிலைக்கட்டணமும், மின்தேவை உச்சத்தில் இருக்கும் வேளைக்கான நெரிசல் நேரக் கட்டணமும் சிறு யூனிட்டுகளை வாட்டின. 2023 செப்டம்பரில் சிறுதொழில் அமைப்புகள் கூட்டாக ஒருநாள் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. அந்த மாதமே தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கான நெரிசல் நேரக் கட்டணத்தை 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. நிலைக்கட்டணக் கோரிக்கை முழுதாக நிறைவேறவில்லை. கேட்டதில் ஒரு பகுதி, அதுவும் ஓராண்டு கழித்து. கூட்டாகக் கேட்பதன் வேகம் பெரும்பாலும் இதுதான். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பகுதியும் இல்லை.

உங்கள் அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வியாபாரிகள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக்காரியம் பார்ப்பது நம் பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. சென்னையில் 1836-இல் சேம்பர் தொடங்கியவர்கள் ஆங்கிலேய வணிகர்கள் என்பது உண்மை. இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையை 1909-இல் தொடங்கினார்கள், பிட்டி தியாகராயர் அதன் முதல் தலைவர். கோவையில் 1929-இல் தொடங்கிய சேம்பருக்கு முதல் தலைவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். ஆனால் விருதுநகர்ப் பேட்டையில் மகமை இவற்றுக்கெல்லாம் தனியாக, தன் வழியில் நடந்து வந்தது. வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப நாடார் வணிகர்கள் பொது நிதிக்கு மகமை கட்டினார்கள், வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. மகமையில் எனக்குப் பிடித்த அம்சம், சிறிய கடைக்காரரும் தன் அளவுக்குக் கட்டினார் என்பதும், கட்டியதால் அது தன் பள்ளிக்கூடம், தன் பொதுநிதி என்ற உரிமையோடு நின்றார் என்பதும்தான். மதுரையில் 1924-இல் தொடங்கிய சேம்பரும் முதலில் மதுரை, இராமநாதபுரம் வட்டாரத்தின் பெயரைத் தாங்கியே பிறந்தது. உங்கள் ராஜபாளையம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

இனி, சேரப்போகும் சேம்பர் நல்லதா என்று பார்க்கும் முறை. விழா அழைப்பிதழைப் பார்க்காதீர்கள். ஒரு வேலைநாள் காலையில் அவர்கள் அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடம் கடந்த ஓராண்டில் அனுப்பிய மனுக்களின் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் துறையிலிருந்து வந்த பதிலும், பதில் வராதவற்றுக்கு நினைவூட்டல் கடிதமும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மனு மட்டும் இருந்து நினைவூட்டல் இல்லையென்றால் அது அனுப்பியதோடு கைகழுவும் இடம். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினராகப் போகிறவருக்குக் காட்டத் தயங்கினால் எனக்கு அது நல்ல அடையாளமாகப் படாது. நிர்வாகக் குழுவில் உங்களைப் போன்ற பத்துப் பேர் யூனிட் நடத்துகிறவர் எத்தனை பேர், பெண் தொழில்முனைவோர் இருக்கிறார்களா, தலைவர் பதவி கைமாறுகிறதா என்றும் விசாரியுங்கள். முழுநேரச் செயலாளர் ஒருவர் சம்பளத்துக்கு இருப்பது தலைவர் யார் என்பதைவிட முக்கியம். தலைவர்கள் எல்லாருக்கும் சொந்தத் தொழில் இருக்கிறது. கோப்பைத் துரத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஏற்றுமதிக்கான மூலச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லும் சான்று) கொடுக்க அங்கீகாரம் உண்டா என்று கேட்பதும் நல்லது. இன்று உங்களுக்குத் தேவையில்லை. சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் தேவை. அந்த வேலைக்காக அவர்கள் வந்துபோகும் அலுவலகம் என்றால், உங்கள் வாடிக்கையாளர்களை நீங்கள் சந்திக்கும் இடமாகவும் அது இருக்கும்.

சந்தாவை வீண்செலவு என்று அண்ணன் சொன்னால், தொழிலுக்காகக் கட்டும் சேம்பர் சந்தா வருமான வரியில் தொழிற்செலவாகக் கழிக்கத்தக்கது என்று சொல்லுங்கள். ரசீதை உங்கள் பெயரில் வாங்காமல் யூனிட்டின் பெயரில் வாங்குங்கள். வாழ்நாள் உறுப்பினர் கட்டணத்தை இப்போதே கட்ட வேண்டாம், ஆண்டுச் சந்தா போதும். முதல் ஆண்டில் உங்கள் மனு ஒன்றாவது சேம்பர் கடிதத்தாளில் புறப்பட்டு, அதன் நகல் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். கேட்டும் அசையவில்லை என்றால் இரண்டாம் ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிடலாம்.

பெண் என்பதால் கூட்டத்தில் பேசத் தயக்கம் இருக்கலாம் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் நீங்கள். அந்தக் கூடத்தில் உங்களைவிடப் பெரிய தகுதியோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். முதல் கூட்டத்தில் பேச வராவிட்டால் ஒரு பக்கக் குறிப்பைச் செயலாளரிடம் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவான பொருளுக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சேம்பர் கூட்டம் வரும்வரை நிறுத்திவைக்கக் கூடாத ஒரு வேலை இருக்கிறது. அந்த வெளியூர் நிறுவனத்திடமிருந்து நிலுவை ஒப்புதல் கடிதம் ஒன்றை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். ஆண்டுக் கணக்குக்காக ஆடிட்டர் கேட்கிறார் என்று எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "இன்ன தேதியில் எங்கள் கணக்குப்படி உங்களிடமிருந்து வர வேண்டியது இவ்வளவு, சரிபார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பவும்" என்ற இரண்டு வரி போதும். பில் எண், தேதி, தொகை மூன்றையும் பட்டியலாக இணையுங்கள். கடிதத்தின் தலைப்பிலும் இனி அனுப்பும் ஒவ்வொரு பில்லிலும் உங்கள் உதயம் எண் இருக்கட்டும். உதயம் பதிவு இன்னும் இல்லையென்றால் அடுத்த லோடு அனுப்புவதற்கு முன் செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கையொப்பமிட்ட ஒப்புதல், பர்சேஸ் ஆர்டர், பில், இ-வே பில், பொருள் பெற்றுக்கொண்ட சீல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். சேம்பர் கடிதத்துக்கும் மன்ற முறையீட்டுக்கும் அதே கோப்புதான் வேண்டும். கடிதம் போய் ஒரு மாதத்தில் பணம் வராவிட்டால் ஆர்டர் போகுமே என்று பார்க்காமல் முறையீட்டைப் பதிவு செய்யுங்கள்.